இரண்டாவதாக வந்தவர்

கிரைஸ்லர் 426 ஹெமி எஞ்சினைச் செய்தபோது பொறியாளர்களின் மனதில் இருந்தது ஒரே ஒரு பந்தயம். 1964 பிப்ரவரி 23, டேடோனா 500. காலம் குறைவு. சோதனையில் சிலிண்டர் சுவர்கள் விரிசல் விட்டன. பந்தயம் நெருங்கிய நேரத்தில், சுவரைத் தடிமனாக்கிப் புது பிளாக்குகளை வார்த்து அனுப்பினார்கள். அன்று முதல் மூன்று இடமும் பிளிமத் கார்களுக்குத்தான். ரிச்சர்ட் பெட்டி 200 சுற்றில் 184 சுற்று முன்னால் இருந்தார்.

மசில் கார் காலத்துக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நான் இந்தக் கதைகளிலேயே ஊறியவன். டெட்ராய்ட் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன், எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை. ஹெமி எனக்குத் தொழில் சார்ந்த விஷயம் மட்டுமில்லை. கொஞ்சம் பக்தியும் உண்டு.

அதில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டால் ஒரு தேங்காய் மூடியை எடுத்துக் காட்டுவேன். பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரிகிற அறை, கவிழ்த்து வைத்த தேங்காய் மூடி மாதிரி இருக்கும். ஹெமி என்ற பெயரே அரைக்கோளம் என்பதன் சுருக்கம். அந்தக் காலத்துச் சாதாரண வி8-இல் வால்வுகள் ஒரே வரிசையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். இதில் ஆளுக்கொரு சரிவில், எதிரெதிரே. அதனால் வால்வைப் பெரிதாக வைக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும், நடுவில் முட்டாது. ஸ்பார்க் பிளக் கிட்டத்தட்ட உச்சியில் இருப்பதால் நெருப்பு எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவும். மூச்சு விடத் தெரிந்த எஞ்சின், அவ்வளவுதான் ரகசியம். அதற்கு விலை, எடையும் பருமனும். 'யானை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசை கட்டிப் போகும். மூன்று வருடம் முன்பு மகளைக் கூட்டிப் போனேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு 1968 ரோட் ரன்னர் சிக்னலில் வந்து நின்றது. ஹெமி. எனக்குப் புல்லரித்தது, அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, சும்மா நிக்கும்போதே ஏன் இப்படி உறுமுது?"

நல்ல கேள்வி. அதன் கேம் ஷாஃப்டைக் கடைந்திருப்பது வேகத்துக்காக. உள்ளே வரும் வால்வும் வெளியே விடும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். அதிவேகத்தில் அது வரம், நின்றால் தடுமாற்றம். "அதுக்கு நிக்கத் தெரியாதும்மா, ஓட மட்டும்தான் தெரியும்" என்றேன். "அப்ப எப்படி நிறுத்துவாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் 1964-ஐத் திரும்பப் படித்தேன். டேடோனாவில் தகுதிச் சுற்றின் வேகம் ஒரே வருடத்தில் மணிக்குப் பத்து மைலுக்கும் மேல் கூடியிருந்தது. எஞ்சின் ஓடிவிட்டது. டயர் கூட ஓடவில்லை. அந்த டேடோனாவில் பெட்டிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர் ஜிம்மி பர்டூ. அதே ஆண்டு செப்டம்பரில் ஷார்லட் ஓடுதளத்தில் டயர் சோதனை ஓட்டத்தின்போது விபத்தில் இறந்தார். வேகத்தைத் தாங்கும் டயரைத் தேடிப் போனவர்.

அடுத்த பருவத்துக்கு நாஸ்கார் ஹெமியைத் தடை செய்தது. கடையில் பொதுமக்கள் வாங்க முடியாத எஞ்சின் என்பது காரணம். கிரைஸ்லர் கோபித்துக்கொண்டு விலகியது. 1965 டேடோனா பெட்டி இல்லாமலே நடந்தது. அவர் டிராக் ரேஸுக்குப் போனார், ஹெமி பொருத்திய பாரகூடாவில். டேடோனா முடிந்த இரண்டு வாரத்தில், பிப்ரவரி 28-ஆம் தேதி, ஜார்ஜியாவில் டாலஸ் என்ற சிற்றூரில் அந்தக் கார் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தான்.

எட்டு வயது. இந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு நேரம் பிடித்தது.

கதையோ நிற்காமல் போகிறது. தடையை நீக்க வேண்டுமென்றால் எஞ்சினைக் கடையில் விற்க வேண்டும். 1966-இல் ஸ்ட்ரீட் ஹெமி வந்தது. அழுத்த விகிதம் 12.5-லிருந்து 10.25-க்கு இறங்கியது. இரண்டு கார்ப்பரேட்டர். காகிதத்தில் 425 குதிரைத்திறன், நிஜத்தில் அதற்கும் மேல். பந்தயத்துக்குப் பிறந்த யானை, விதிமுறை காரணமாகத் தெருவுக்கு வந்தது. 1967-இல் பெட்டி 27 பந்தயங்கள் வென்றார், அதில் பத்து தொடர்ச்சியாக. 1971-ல் காப்பீட்டுச் செலவும் புகைக் கட்டுப்பாடும் சேர்ந்து ஸ்ட்ரீட் ஹெமியை முடித்து வைத்தன. டிராக் ரேஸில் மட்டும் அதன் வம்சம் இன்றும் ஓடுகிறது. டாப் ஃப்யூயல் கார்களில் அதே அரைக்கோள வடிவம், நைட்ரோமீத்தேன் எரிபொருள், 11,000 குதிரைத்திறனுக்கும் மேல்.

என் வேலையில் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டி ஓட்டுவோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையில் எண் ஏறுவதைப் பார்க்கிறோம். அந்த அறையில் டயர் கிடையாது, வளைவு கிடையாது, வேலி ஓரம் நிற்கும் பையன் கிடையாது. எண் மட்டும்தான். அது ஏற ஏற மகிழ்ச்சியாக இருக்கும், இப்போதும் இருக்கிறது. எங்கள் கூடத்தில் பாதி அறைகளில் இன்று மின்மோட்டார்கள். சத்தமே இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் சில மின்கார்களே சிக்னலில் அந்த ரோட் ரன்னரைத் தாண்டிப் போய்விடும். என் மகளின் கேள்வி அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

ஹெமி மேல் எனக்கிருக்கும் பிரியம் குறையவில்லை, குறைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதன் கதையைக் கேட்டால் உற்சாகமாகத்தான் சொல்கிறேன். தேங்காய் மூடி, விரிசல் விட்ட பிளாக், 184 சுற்று, எல்லாம் உண்டு. ஆனால் முதல் இடத்தோடு நிறுத்துவதில்லை. இரண்டாவதாக வந்தவர் யார், அவர் செப்டம்பரில் எதைச் சோதிக்கப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.