பொய்யாய் நிரப்பிய குறிப்பேடு

என் அம்மாவின் வலது கை தேறாமல் போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. உறவினர் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. "பெத்த தாயைக் குழந்தை மாதிரி வச்சுப் பார்த்தவ" என்று அவர்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது 2019 நவம்பரில். மலேசியாவில், மேருவில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. கால் சீக்கிரமே நடக்கப் பழகிக்கொண்டது, கை பின்தங்கியது. ஆனாலும் அது செத்த கை அல்ல. மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குவார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மெல்ல விரியும். இன்றைக்குச் செத்தியா ஆலாம் நிற்கிற இடத்தில் முன்பு இருந்த நார்த் ஹம்மோக் ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்காகப் பால்மரம் சீவிய கை அது.

கிள்ளானில் சிகிச்சைக்குப் போன இடத்தில் சிகிச்சையாளரான ஒரு தமிழ்ப் பெண் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். வயதில் சின்னவர். "தோட்டத்துல என்னம்மா வேலை செஞ்சீங்க?" என்று ஒருநாள் விசாரித்தார். அடுத்த முறை போனபோது, ஒரு பலகையைச் சாய்த்து நிறுத்தி அதன்மேல் பசைமண்ணை அப்பி வைத்திருந்தார். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஒரு கரண்டியைக் கொடுத்து, "மரம் எப்படிச் சீவுவீங்கன்னு காட்டுங்கம்மா" என்றார். கரண்டி விரலிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தார், மறுபடியும் விழுந்தது. பிறகு அம்மா தோளைத் திருப்பி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு இழுத்தார். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, வெட்டுப்பட்டை போகிற அதே சரிவில் ஒரு கோடு இறங்கியது. நோய் வந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அந்தப் பெண் எங்களிடம் ஒரு குறிப்பேடு தந்தார். தினமும் காலையும் மாலையும் செய்ய வேண்டியவை: மேசையைத் துணியால் துடைப்பது, கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாய்க் கிண்ணத்தில் போடுவது, துண்டு மடிப்பது, சாப்பாட்டில் முதல் பத்து வாயாவது வலது கையால் எடுப்பது. செய்தால் கட்டத்தில் ஒரு டிக். "செய்யலன்னா காலியா விட்டுடுங்க அக்கா. நான் ஏச மாட்டேன். எனக்கு உண்மை தெரிஞ்சா போதும்." இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது.

தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் செய்தோம். ஆனால் வலது கையால் ஒரு தோசை சாப்பிட அம்மாவுக்கு அரைமணி நேரம் ஆகும். பாதி சாம்பார் சேலையில் ஊற்றிக்கொள்ளும். எனக்கோ துறைமுகத்தில் வேலை, ஜாலான் மேருவில் வண்டி நெரிசல் கட்டும் முன் கிளம்பியாக வேண்டும். நானே ஊட்டிவிட்டேன். ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட்டேன், தலை பின்னிவிட்டேன். அம்மா கையை நீட்டும்போதே தட்டு என் கைக்கு வந்துவிடும். பார்க்க வந்தவர்கள் கண் கலங்கினார்கள், என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் எனக்கு இனித்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நேரமில்லாததால் மட்டும் நான் ஊட்டவில்லை. யாராவது வந்திருந்தால் அவசரம் இல்லாதபோதும் ஊட்டினேன்.

சிகிச்சைக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவு கட்டங்களை நிரப்புவேன். எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வேன். நம்பும்படி இருக்கட்டும் என்று அங்கங்கே ஒன்றிரண்டைக் காலியாக விடுவேன். இதைச் செய்யும்போது என் கை நடுங்கியதில்லை.

விளைவு இதுதான். அந்தப் பெண் அம்மாவின் பிடியை அளந்தார், சின்ன முளைகளைத் துளையில் செருகச் சொல்லி நேரம் பார்த்தார். முன்னேற்றம் இல்லை. குறிப்பேட்டைப் புரட்டினார், அதில் குறையே இல்லை. "இவ்வளவு செஞ்சும் கை வர மாட்டேங்குதே அக்கா" என்றார். அதற்குப் பிறகு திட்டத்தை மாற்றினார். இடது கையால் சமாளிக்கப் பழக்கும் பயிற்சிகள் வந்தன, பலகையும் கரண்டியும் போயின. அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தையில் அதை நிறுத்தியிருக்கலாம்.

2020 பிப்ரவரியில் போவதையே விட்டுவிட்டோம். கேட்டவர்களிடம் கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் (எம்.சி.ஓ.) மேல் பழி போட்டேன். நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது மார்ச் 18. அதற்கு முன்பே நிறுத்தியவள் நான்.

வருஷங்கள் கழித்து ஒரு மருத்துவ ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஆர்தர் ஸ்டோன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2002ல் வெளியிட்டது. நாள்பட்ட வலியுள்ள நோயாளிகளிடம் காகித நாட்குறிப்பு கொடுத்து, குறித்த நேரங்களில் எழுதச் சொன்னார்கள். அட்டைக்குள் ஓர் ஒளி உணரியை வைத்திருந்தார்கள். ஏடு திறக்கப்பட்ட நேரத்தை அது பதிந்துகொள்ளும். எழுதியவர்களின் கணக்குப்படி 90 சதவீதப் பதிவுகள் குறித்த நேரத்தில் எழுதப்பட்டவை. உணரியின் கணக்கில் 11 சதவீதம். ஏட்டையே திறக்காத நாட்களுக்குக்கூடப் பதிவுகள் இருந்தன. என்னைப்போல் எத்தனை பேர் என்று ஒரு கணம் ஆறுதல்பட்டேன். அந்த ஆறுதலே அசிங்கமாகப் பட்டது. அவர்கள் எழுதியது தங்கள் வலியை, நான் எழுதியது இன்னொருத்தியின் கையை.

பிறகு எட்வர்ட் டாப் வகுத்த சிகிச்சை முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு முயன்று தோற்றுத் தோற்று, மூளை அந்தக் கையைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுகிறது என்றார் அவர். கையில் எஞ்சியிருக்கும் திறன்கூட வெளியே வராது. மாற்று வழி, நல்ல கைக்கு உறை மாட்டி முடக்கி, தளர்ந்த கையை வேலைக்கு இழுப்பது. 2006ல் வெளியான எக்சைட் ஆய்வில், நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரைச் சேர்த்தார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் சற்றாவது விரிக்க முடிந்தவர்கள் அவர்கள், அதாவது என் அம்மாவைப் போன்றவர்கள். இரண்டு வாரம் அந்தப் பயிற்சி பெற்றவர்களின் கை, பெறாதவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. ஒரு வருஷம் கழித்தும் அந்த வித்தியாசம் நின்றது. அதே மாதங்களில் நான் என் அம்மாவின் நல்ல கையைக்கூட வேலை செய்ய விடவில்லை.

தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி கிடைத்தது. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் துரை பாண்டியன் முன்னின்று நடத்திய அட்டெண்ட் ஆய்வு, இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். 2017ல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் கையை நம்பி வாழ்கிறவர்களுமாக, பயிற்சி பெற்றது, பெறாதது என இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். 'பார், நீ ஒழுங்காகச் செய்திருந்தாலும் இப்படித்தான்' என்று மனம் தாவியது. கொஞ்ச நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி வேறு. அம்மாவுக்குப் பயிற்சி வகுத்தவர் ஒரு சிகிச்சையாளர். பயிற்சி நடக்கவேயில்லை என்பதை அவரிடமிருந்து மறைத்தவள் நான். எந்த ஆய்வின் முடிவும் அதைத் துடைத்துவிடாது.

கையின் குறையில் எவ்வளவு அடைப்பினால், எவ்வளவு என்னால் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இதுவும் நான் செய்த வினைதான். உண்மையான கட்டங்கள் இருந்திருந்தால் ஓரளவாவது தெரிந்திருக்கும்.

அம்மாவிடம் போன வருஷம் சொன்னேன். "தெரியும்டி. ராத்திரி உட்கார்ந்து நீ கோடு போடுறதைப் பார்த்துக்கிட்டுத்தானே படுத்திருந்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு முன்னாடி உனக்குத் தலைகுனிவா ஆயிடும்ல" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

இப்போது மறுபடி பயிற்சி தொடங்கியிருக்கிறோம். இத்தனை காலம் கழித்து வருவது கொஞ்சந்தான். குவளையை இரண்டு கையாலும் பிடிக்கிறார், துண்டு மடிக்கிறார். கொக்கி மாட்ட வரவில்லை. புதுக் குறிப்பேட்டில் அம்மா இடது கையால் தானே டிக் போடுகிறார். போன வாரம் பாதிக் கட்டம் காலி.

அந்தப் பெண் வேலை மாறிப் போய்விட்டார். எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவைப் பார்த்து, இப்படிப்பட்ட கைகள் பயிற்சிக்கு மசியாது என்று அவர் முடிவு கட்டியிருக்கலாம், அதே எண்ணத்தில் இன்னும் எத்தனை பேரை நல்ல கைக்கு மாற்றினாரோ என்பது என்னைத் தூங்கவிடுவதில்லை. அந்தக் கட்டங்கள் பொய், பயிற்சி நடக்கவே இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும்.