கிளாராவின் நாட்குறிப்பு

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த ஒரு சிறுமிக்கு ஏழு வயதானபோது அவளுக்கென்று ஒரு நாட்குறிப்பு தொடங்கப்பட்டது. இன்று என்ன வாசித்தேன், யார் பாராட்டினார்கள், தந்தை எதற்காகக் கண்டித்தார் என்ற விபரங்கள் எல்லாம் அதில் 'நான்' என்று தன்மையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தொடக்க ஆண்டுகளின் கையெழுத்து பெரும்பாலும் சிறுமியுடையது அன்று, அவளுடைய தகப்பனாருடையது. மகளின் இடத்தில் தம்மை இருத்தி, மகளின் குரலில், தம்மைப் பற்றியே 'என் தந்தை' என்று அவர் எழுதினார். பின்னர் அவளே எழுதத் தொடங்கியபோதும் அந்த ஏடு அவருடைய மேற்பார்வையிலேயே இருந்தது.

அந்தச் சிறுமி கிளாரா வீக். பின்னாளில் கிளாரா ஷூமன் என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவராக விளங்கியவர். யூரோ நாணயம் வருவதற்கு முன்னர், தொண்ணூறுகளில் ஜேர்மனியில் புழங்கிய நூறு மார்க் தாளில் இருந்தது அவருடைய முகமே. அக்காலத்தில் அங்கே புலம்பெயர்ந்த நம்மவர்களில் எத்தனையோ பேர், அது யாருடைய முகம் என்று அறியாமலே அந்தத் தாள்களை எண்ணி ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களில், விடுதியில் அடுத்த அறை நண்பர் ஒருவரிடம் இருந்த ஒலிநாடாவில்தான் ரொபேர்ட் ஷூமனின் 'குழந்தைமைக் காட்சிகள்' என்ற பியானோத் தொகுதியை முதன்முதலில் கேட்டேன். கோயில் வீதியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிய ஒலி. அந்த இசை 1838 இல், காதலியைப் பார்க்கவும் பேசவும் முடியாதிருந்த ஒரு மனிதரால் எழுதப்பட்டது என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். அந்தக் காதலியைத் தேடிப் போனபோது, காதலரைவிட அவளுடைய கதையே என்னைக் கூடுதலாக ஈர்த்தது.

கிளாரா பிறந்தது 1819 செப்டெம்பர் 13 ஆம் திகதி. தந்தை பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வணிகமும் செய்தவர். தாய் மரியானே பாடகியாகவும் பியானோ கலைஞராகவும் இருந்தவர். 1824 இல் தாய் கணவரைப் பிரிந்து சென்றார். ஐந்து வயதான பிள்ளை தந்தைக்கே உரியது என்று அந்நாளைய சக்சனி நாட்டுச் சட்டம் சொன்னது. நான்கு வயது கடந்தும் பேசத் தொடங்காதிருந்த அந்தக் குழந்தை, ஐந்தாவது வயதில் தாயை விட்டுத் தந்தையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வீக்கைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. நாள்தோறும் ஒரு மணிநேரப் பாடம், இரண்டு மணிநேரப் பயிற்சி, திறந்த வெளியில் நீண்ட நடை என்று அவர் வகுத்த ஒழுங்கு அக்காலத்தில் அறிவார்ந்த முறையாகவே இருந்தது. வெறும் விரல் வேகத்தை அவர் மதிக்கவில்லை. பியானோ பாட வேண்டும் என்று எதிர்பார்த்தார். பெண்பிள்ளைகளுக்கு இசை ஒரு கலியாணத் தகுதி மட்டுமே என்று கருதப்பட்ட காலத்தில், தம் மகள் உலகறிந்த கலைஞராக வேண்டும் என்று திட்டமிட்டுக் கற்பித்தார். 1828 ஒக்ரோபரில், ஒன்பது வயதில், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவான்ட்ஹவுஸ் மண்டபத்தில் கிளாரா மேடையேறினாள். பன்னிரண்டு வயதில் பாரிஸ் வரை பயணம். பதின்மூன்று வயதில் எழுதத் தொடங்கிய பியானோ கொன்சேர்ட்டோவை, 1835 நவம்பர் 9 ஆம் திகதி மெண்டல்சோன் நடத்திய இசைக்குழுவோடு தானே வாசித்தாள். அப்போது வயது பதினாறு.

அதே நவம்பரில்தான் மற்றதும் நடந்தது.

ரொபேர்ட் ஷூமன் 1830 இல் சட்டப்படிப்பைக் கைவிட்டு வீக்கிடம் மாணவராக வந்து, அந்த வீட்டிலேயே தங்கியவர். அப்போது அவருக்கு இருபது வயது, கிளாராவுக்குப் பதினொன்று. சின்னஞ்சிறுசுகளுக்குப் பேய்க்கதை சொல்லும் அண்ணனாகவே அவர் அந்த வீட்டில் இருந்தார். வலது கை விரல் பழுதாகியதால் பியானோ கலைஞராகும் கனவு கலைந்து, இசையமைப்பிலும் எழுத்திலும் இறங்கினார். 1834 இல் தொடங்கப்பட்ட இசைப் பத்திரிகை ஒன்றைச் சுமார் பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்து நடத்தினார். ஆம், அவரும் நம்ம தொழில்தான். பத்திரிகைக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் தகப்பன்மார் யாழ்ப்பாணத்தில் மட்டும் இருக்கவில்லை.

1835 நவம்பரில் ஒரு நாள், விடைபெற்றுச் சென்ற அவருக்கு வழிகாட்டக் கிளாரா விளக்கோடு படியிறங்கி வந்தாள். அங்கே முதல் முத்தம். மயக்கம் வருவது போலிருந்ததென்றும், கையிலிருந்த விளக்கைப் பிடித்திருக்கவே முடியவில்லை என்றும் பின்னர் அவள் அவருக்கு எழுதினாள். அதுவரை அவளுடைய உணர்வுகள் அனைத்தையும் அறிந்தவர் ஒருவர் இருந்தார், அவர் தந்தை. தந்தை அறியாத முதலாவது விடயம் இதுதான்.

அது நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1836 தொடக்கத்தில் வீக் மகளை டிரெஸ்டன் நகருக்கு அனுப்பினார். அவர் அங்கில்லாத வேளையில் ஷூமன் போய்ச் சந்தித்தது தெரிந்தபோது, வீட்டு வாசல் அவருக்கு மூடப்பட்டது. வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பும்படி மகளுக்கு உத்தரவிட்டார், அவளும் அனுப்பினாள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருவரும் ஒரே நகரில் பேசாமல் வாழ்ந்தார்கள்.

தந்தையின் அச்சங்கள் முற்றிலும் ஆதாரமற்றவை அல்ல. ஷூமனுக்கு நிலையான வருமானம் இல்லை; குடிப்பழக்கம் இருந்தது; மனச்சோர்வு அடிக்கடி அவரை வீழ்த்தியது. சிறிது காலம் முன்னர் வேறொரு பெண்ணுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். பதினாறு வயது மகள் இருபத்தைந்து வயது ஆணைக் காதலித்தால் இன்றைய பெற்றோரும் கவலைப்படுவார்கள். ஆனால் வீக்கின் கோபத்தில் இன்னொன்றும் இருந்தது. கிளாரா அவருடைய கற்பித்தல் முறைக்கு உயிருள்ள சான்று, வருமானத்துக்கும் வழி. அவள் போனால் தம் வாழ்நாள் வேலை போய்விடும் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

1837 ஓகஸ்ட் 13 ஆம் திகதி லைப்சிக்கில் கிளாராவின் கச்சேரி நடந்தது. நிகழ்ச்சி நிரலில் ஷூமனின் 'சிம்பொனிக் எத்யூட்ஸ்' தொகுதியிலிருந்து சில பகுதிகளைச் சேர்த்திருந்தாள். சபையில் அவர் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். தனிமையில் சொல்ல அனுமதிக்கப்படாததைப் பகிரங்கமாகவே அவள் சொன்னாள். தந்தை கற்பித்த விரல்களாலேயே சொன்னாள். மறுநாள் இருவரும் இரகசியமாகத் தம்மை ஒருவருக்கொருவர் நிச்சயித்துக்கொண்டார்கள். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளில் ஷூமன் முறைப்படி பெண் கேட்டார். வீக் மறுத்தார், மகளை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவளுக்குப் பெரும் வெற்றி. 1838 மார்ச்சில், பதினெட்டு வயதுப் பெண்ணும் அயல்நாட்டவளுமான அவளுக்கு, பேரரசின் அவைக் கலைஞர் என்ற பட்டம் கிடைத்தது. எல்லோரும் போற்றிய அந்தக் கலைஞருக்கு, தன் வாழ்வைப் பற்றிய முடிவை எடுக்க மட்டும் உரிமை இல்லை.

காதல் கதையாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் அடுத்த பகுதியை இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை கதையின் மையமே அதுதான்.

1839 ஜனவரியில் கிளாரா பாரிஸ் நகருக்குப் புறப்பட்டாள். இம்முறை தந்தை உடன் செல்லவில்லை; அவள் முன்பின் அறியாத ஒரு பிரெஞ்சுப் பெண்ணைத் துணைக்கு அமர்த்தி அனுப்பினார். தாமில்லாமல் அவளால் எதுவும் இயலாது என்பதை அவள் பட்டறிந்து திரும்புவாள் என்று அவர் எதிர்பார்த்தார். வழியிலுள்ள நகரங்களில் கச்சேரிகளைத் தானே ஒழுங்கு செய்தாள். பாரிஸ் சேர்ந்ததும் அந்தத் துணைப்பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு, தோழியரோடு தங்கினாள். மண்டபம், பியானோ, நுழைவுச்சீட்டு, செல்வாக்குள்ளோருக்கான அறிமுகக் கடிதங்கள், மாணவர்கள், வரவு செலவு என்று இதுவரை தந்தை பார்த்த அத்தனையும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தன. கடிதங்களில் பயம் இருக்கிறது, தனிமை இருக்கிறது, தந்தையை நினைத்துக் கலங்கும் மனம் இருக்கிறது. ஆயினும் அவள் திரும்பி ஓடவில்லை. ஓகஸ்ட் வரை பாரிஸில் இருந்தாள்; கச்சேரி செய்தாள்; கற்பித்தாள். அங்கிருந்தபடியே ஜூன் மாதத்தில், தந்தையின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கும் பத்திரத்தில் கையொப்பமிட்டாள்.

ஷூமனின் காதல் அவளை வாசற்படி வரை அழைத்து வந்தது எனலாம். வெளியே நடந்தது அவள்தான். பாரிஸில் அவளோடு காதலரும் இல்லை, தகப்பனாரும் இல்லை. அங்கே அவள் கண்டுகொண்டது தன்னையே.

வழக்கு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. பெற்ற தாய் பெர்லினில் அவளுக்கு ஆதரவளித்தார். 1839 டிசெம்பரில் நீதிமன்றத்தில் தந்தையும் மகளும் நேருக்கு நேர் நின்றார்கள். வீக் அடக்கமின்றிப் பேசியதால் நீதிபதி அவரைத் தடுக்க வேண்டியதாயிற்று. 1840 ஓகஸ்டில் தீர்ப்பு காதலர் பக்கம் வந்தது. செப்டெம்பர் 12 ஆம் திகதி, அவளுக்கு இருபத்தொரு வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், லைப்சிக் அருகே ஷொயன்பெல்ட் என்ற கிராமத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மறுநாளே தம்பதியர் கூட்டாக ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

திருமணத்தோடு விடுதலை முழுமையாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அப்படியில்லை. கணவர் இசையமைக்கும் வேளைகளில் மெல்லிய சுவர்களைக் கொண்ட அந்த வீட்டில் கிளாராவால் பயிற்சி செய்ய முடியவில்லை. அந்த மனக்குறையை அதே கூட்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இசையமைக்கும் ஆற்றல் தமக்கு உண்டென்று ஒருகாலத்தில் நம்பியதாகவும் அந்த எண்ணத்தைக் கைவிட்டதாகவும் 1839 இலேயே குறித்திருந்தார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். ஒன்று குழந்தையிலேயே இறந்தது. தந்தையின் எதிர்பார்ப்பிலிருந்து வெளியேறியவர் மனைவிக்கான எதிர்பார்ப்புகளுக்குள் நுழைந்தார்.

1854 இல் ஷூமன் ரைன் ஆற்றில் குதித்து, மீட்கப்பட்டு, மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1856 ஜூலையில் இறந்தார். உதவி நிதி திரட்ட முன்வந்தவர்களின் தயவைக் கிளாரா ஏற்கவில்லை. மேடைக்குத் திரும்பினார். ஏழு பிள்ளைகளின் குடும்பத்தைத் தம் விரல்களால் தாங்கினார். ஊர் ஊராக, நாடு நாடாக, 1891 வரை வாசித்தார். பயணங்களைத் தாமே திட்டமிட்ட அந்தப் பெண்மணிக்குள் பாரிஸில் தனித்து நின்ற பத்தொன்பது வயதுக்காரி இருந்தாள் என்றே நினைக்கிறேன். அவர் சேர்த்து வைத்த கச்சேரி நிகழ்ச்சி நிரல்கள் ஆயிரத்து முந்நூறுக்கும் அதிகம். 1896 மே 20 ஆம் திகதி பிராங்பேர்ட்டில் காலமானார். வீக்கோடு 1843 இலேயே சமரசம் ஏற்பட்டிருந்ததையும் சொல்ல வேண்டும்.

பத்திரிகையாளனாக யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்திலும் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் எத்தனையோ அரங்கேற்றங்களின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறேன். வயலின், வீணை, மிருதங்கம், வாய்ப்பாட்டு. அழைப்பிதழ் எப்போதும் பெற்றோரின் குரலில்தான் இருக்கும்: எமது செல்வப் புதல்வியின் அரங்கேற்றம். பிரதம விருந்தினர் பேசுவார், குரு பேசுவார், தகப்பனார் கண்கலங்கப் பேசுவார். பிள்ளை நன்றி சொல்லும். அதையும் யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். அடுத்த ஆண்டில் உயர்தரப் பரீட்சை வரும். வீணைக்கு உறை போடப்படும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இந்த வழக்கம் இன்னும் விமரிசையாகத் தொடர்வதை நண்பர்கள் அனுப்பும் ஒளிப்படங்களில் காண்கிறேன்.

இந்தப் பெற்றோரின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வீக் இல்லாவிட்டால் கிளாரா இல்லை. தந்தையை எதிர்த்து நிற்கும் வலிமையைக்கூட அவர் கொடுத்த கலையிலிருந்தே அவள் பெற்றாள். ஆனால் கலையைக் கையில் கொடுத்தவர்கள், அதைக்கொண்டு பிள்ளை சொல்லப்போவதும் தங்கள் வசனமாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் எதையோ நெஞ்சில் வைத்திருந்தால், அது காதலாக இருக்கலாம், ஒரு இராகத்தின் மீதான பித்தாக இருக்கலாம், இசையே வேண்டாம் என்ற முடிவாகவும் இருக்கலாம். எதுவானாலும் வாசலை மூடுவதற்கு முன்னர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அடுத்த அரங்கேற்றத்தில் அந்த நன்றியுரையையாவது பிள்ளையே எழுதட்டும்.