மார்க்கெட் காசில் மிதந்த மரம்

மரத்தைத் தவிர, ஒரு கட்டுமரத்துக்கு வேண்டிய எல்லாமே புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு, பாய்க்குக் காடாத்துணி, வலை பொத்த நூல், வலையின் அடியில் கோக்க ஈயக்குண்டு. நேரு வீதிப் பக்கம் நுழைந்து ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வெளியே வருவதற்குள் அம்மா இத்தனையும் வாங்கிவிடுவாள். காலையில் சங்கராவும் காரப்பொடியும் சுமந்து போன கூடையில், திரும்பும்போது கயிற்றுச் சுருள் இருக்கும். கயிற்றில் மீன் வாடை ஏறியிருக்கும். அப்பா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "மீன் என்னா இன்னிக்கு, சங்கராவா?" என்று கேட்பார்.

பலகையில் 'குபேர் அங்காடி' என்றுதான் இருக்கிறது. புதுச்சேரியின் மேயராகவும் 1963-ல் முதல் முதலமைச்சராகவும் இருந்த எதுவார் குபேர் பெயர். ஆனால் எங்கள் மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்திலிருந்து கூடை தூக்கிப் போன பெண்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது பெரிய மார்க்கெட்தான், இன்றைக்கும்.

இந்தத் தை மாதம் தம்பி தன் பழைய ஃபைபர் படகை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். டிராக்டரில் ஏற்றி, தெருவோரம் பழைய லாரி டயர்களை அடுக்கி, அதன்மேல் கவிழ்த்துப் போட்டிருந்தான். 2005-ல் வந்த படகு. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் ஒன்று. மாசிமகத்துக்குள் தெருவைக் காலி செய்தாக வேண்டும். மயிலம் முருகன் தொடங்கி எத்தனையோ ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்குத்தான் வருவார்கள்; அன்றைக்குத் தெருவில் ஒரு சைக்கிளை நிறுத்தக்கூட இடமிருக்காது.

"அக்கா, மார்க்கெட் பக்கம்தான போற? உப்புத்தாள் எண்பதாம் நம்பர் வாங்கிக்கோ. வாட்டர் பேப்பர் எரநூத்தி இருபது. ரெண்டு இஞ்ச் பிரஷ் நாலு."

இப்படித்தான் பல வருடங்களுக்குப் பிறகு படகுக்குச் சாமான் வாங்க நான் மார்க்கெட்டுக்குப் போனேன்.

படகு வாசலுக்கு ஏன் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். மணல் போய்விட்டது, அதனால் வந்தது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல்லணைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைக் கல் மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரையும், குருசுக்குப்பமும், வைத்திக்குப்பமும், சோலைநகரும் கரைந்தன. மணலைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கருங்கல்மேல் கட்டுமரத்தை ஏற்ற முடியுமா? கரையில் கிடந்த படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் நாள்முழுக்கத் தண்ணீரிலேயே நின்றன. தண்ணீரில் நிற்கிற படகின் அடியில் கொட்டலசு பிடிக்கிறது. தம்பி உளியை வைத்துச் சுரண்டும்போது அது பொலபொலவென்று உதிர்கிறது. எங்கள் அப்பாவின் மரத்தில் ஒரு கொட்டலசைக்கூட நான் பார்த்ததில்லை. அது தினமும் மணலில் ஏறிக் காய்ந்தது.

கட்டுமரத்தைப் பற்றி இளையவர்களிடம் சொல்ல உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிவதில்லை. அது படகே இல்லை. உள்ளே, வெளியே என்று அதில் கிடையாது. மலைவேம்பு, இலவு, கல்யாண முருங்கை என்று எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னே ஒரு கட்டு, பின்னே ஒரு கட்டு. அலை மேலே விழுந்தால் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்ப்பார்கள். தண்ணீர் குடித்துக் கனத்த கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உருட்டிக் காயப்போடுவார்கள். சாயங்காலம் கடற்கரையில் பார்த்தால் மரம் இருக்காது; கட்டைகள் கிடக்கும். விடியுமுன் யாரோ இருவர் கயிற்றைச் சுற்றி இழுத்தால் மறுபடி மரம்.

அதனால் அதைப் பழுதுபார்ப்பது என்று தனியாக ஒரு நாள் வந்ததே இல்லை. தினமும் அவிழ்த்து தினமும் கட்டுகிற பொருளில் எது நைந்தது, எது விரிந்தது என்பது தினமும் கைக்குத் தெரியும். ஒரு கட்டை உளுத்துப் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். பக்கத்துக் கட்டை தாத்தா காலத்தியதாக இருக்கும், நடுவில் புதிது வெளுப்பாகத் தெரியும். எங்கள் மரத்துக்கு என்ன வயது என்று யாராவது கேட்டிருந்தால் அப்பாவால் பதில் சொல்லியிருக்க முடியாது. வண்ணமும் அதற்குக் கிடையாது. வெயிலும் உப்பும் சேர்ந்து தந்த சாம்பல் நிறம் ஒன்றுதான். இன்றைக்குத் தேங்காய்த்திட்டில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிற படகுகளைப் படம் எடுத்துப் பழைய மீனவ வாழ்க்கை என்று போடுகிறார்கள். அந்த வண்ணம் எங்கள் தெருவுக்கு வந்தது ஃபைபரோடுதான்.

மரத்தைப் போலவே ஆணி இல்லாத இன்னொன்றும் இந்தக் கரையில் ஓடியது. பிரெஞ்சுக்காரர்கள் செலேங்கு என்று எழுதிவைத்த சலங்கு. சென்னைப் பக்கம் மசூலாப் படகு. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்தது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இடையில் கரையோர அலை. ஆணி அடித்த படகு அந்த அலையில் தரைதட்டினால் விண்டுவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். அவருடைய மாளிகை மார்க்கெட்டை ஒட்டிய, அவர் பெயரையே கொண்ட வீதியில் இன்னும் நிற்கிறது. அவர் கணக்குப் பார்த்த சரக்கெல்லாம், கவர்னர்களும் அவர்கள் பெட்டிகளும் உட்பட, எங்கள் ஆட்கள் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தது. 1866-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டிய பிறகு சலங்குகளுக்கு வேலை குறைந்தது. அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோனது. பிறகு கட்டிய பாலமும் 2022-ல் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்துவிட்டது. இந்தக் கடலில் விறைத்து நிற்பது எதுவும் நிலைக்காது என்று தாத்தா சொல்வார். அவர் பழைய பாலத்தில் மூட்டை சுமந்தவர்.

ஆனால் நான் சொல்ல வந்தது கடலைப் பற்றி அல்ல. மரம் அப்பாவுடையது என்றுதான் ஊர் சொன்னது. அதைக் கடலில் வைத்திருந்தது அம்மாவின் கூடை.

விடியற்காலை கரைக்கு மீன் வந்ததும் ஏலம். தன் வீட்டு மீனோடு, ஏலத்தில் எடுத்ததையும் சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு பெண்கள் கூட்டமாக நடப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். மார்க்கெட்டில் மீன் பக்கம் தரை எப்போதும் ஈரம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். அம்மா உட்கார்ந்த இடம் அவளுடைய அம்மா உட்கார்ந்த இடம். பக்கத்தில் உட்கார்ந்த ஆயாவுக்கு எல்லா வாடிக்கைக்காரரின் குடும்ப விவரமும் தெரியும்: யார் வீட்டில் இன்று விருந்து, எந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) வீட்டுக்குப் பாரீஸிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுவா வேண்டும், யாருக்கு நெத்திலி போதும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வந்த வாரத்தில் வஞ்சிரத்துக்கு விலை ஏறும். இந்தக் கணக்கையெல்லாம் அம்மா எழுதாமல் வைத்திருந்தாள்.

விற்று முடிந்தபின் தொடங்கும் இன்னொரு கணக்கு. அரிசிக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு. மரத்துக்கு என்று எடுத்து வைத்த காசை அவள் வேறு எதற்கும் தொடமாட்டாள். கயிற்றுக் கடையில் ஒரு முழத்தை எடுத்து முறுக்கைப் பிரித்து, நாரை இழுத்துப் பார்ப்பாள். "உப்புத் தண்ணிக்கு இது தாங்காது. உள்ள இருக்கறத எடு." கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளேயிருந்து எடுத்து வருவார். அந்தக் கயிறுதான் என் அப்பா உட்கார்ந்த கட்டைகளைப் பிடித்து வைத்திருந்தது. நடுக்கட்டை உளுத்துப்போன வருடம், அம்மா சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்து அந்தப் பணத்தில் புதுக் கட்டை வாங்கினாள். செதுக்க ஆள் வந்தபோது அப்பா அவனிடம், "அவளைக் கேட்டுக்க, அவ மரம்" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மரம் போனது. கட்டைகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டன. ஒன்று பாறையிடுக்கில் செருகிக் கிடந்தது. பிறகு நிவாரணம் வந்தது. ஃபைபர் படகு, இன்ஜின், வலை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அந்தப் படகில்தான் தம்பி பிள்ளைகளை வளர்த்தான். எல்லாம் ஆண்கள் பெயரில் வந்தது. கூடை தூக்கிப் போன பெண்களுக்கு எங்கள் தெருவில் என்ன வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மீன் கடலிலிருந்து வந்தால் போதும், காசாக அது தானே மாறிவிடும் என்று நினைப்பவர்கள் மார்க்கெட்டில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

படகு வேலைக்கு வருகிறேன். ஃபைபருக்கு வயதாவது வேறு மாதிரி. மேலே உள்ள ஜெல்கோட் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகக் கையில் ஒட்டும். அடியில் தண்ணீர் நுழைந்து கொப்புளம் எழும்பும். இன்ஜின் உட்காரும் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கிறது. வெளியே அழகாக இருக்கும், தட்டினால் சத்தம் மாறும். தம்பி சுத்தியலின் பின்பக்கத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். டங்கென்று வரவேண்டிய இடத்தில் தொப்பென்று வந்தால் சாக்கட்டியில் வட்டம். கிரைண்டர் வைத்து வட்டங்களை வெட்டி எடுத்தபோது உள்ளே ஈரம் கசிந்தது. அதைச் சில நாள் வெயிலில் விட்டான். ஈரத்தின்மேல் கண்ணாடியிழை மேட் ஒட்டினால் ஆறு மாதத்தில் உரிந்துவிடும் என்றான்.

ரெசின் கலப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் தெருவின் இரண்டு ஓரங்களில் வைத்திருந்தான். கேட்டலிஸ்ட் கூடினால் பிரஷ்ஷில் இருக்கும்போதே இறுகிவிடும். குறைந்தால் மறுநாளும் பிசுபிசுக்கும். வெயில் ஏறிய நேரத்தில் அளவைக் குறைத்தான், காலைப் பனியில் கூட்டினான். எந்த அளவுக்கிண்ணமும் இல்லை. மேட்டைக் கிழித்து வைத்து, ரெசினைத் தோய்த்து, காற்றுக்குமிழ் இல்லாமல் ரோலரால் உருட்டி, மேல் மேலாக அடுக்கு. தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் தோலில் இறங்கி ராத்திரி முழுக்க அரிக்கும். அவன் முழுக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்தான். தெருவில் வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணல் இருந்தால் அவன் மணலில் செய்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கான எதுவும் பெரிய மார்க்கெட்டில் கிடையாது. ரெசின் கேனிலும், மேட் சுருளிலும் வெளியிலிருந்து வருகிறது. அம்மா கயிறு வாங்கிய கடையைத் தேடிப்போனேன். அந்த வரிசையில் இப்போது நைலான் கயிறும் பிளாஸ்டிக் குடமும். பெயர்ப்பலகை மாறியிருந்தது. தேங்காய்நார்க் கயிறு இருக்கிறதா என்று கேட்டதற்கு, துணி உலர்த்தவா என்று கேட்டார் இளைஞர். மீன் மொத்த வியாபாரத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டிய நவீன அங்காடிக்கு மாற்றச் சொல்லி அரசு பலமுறை கேட்டுவிட்டது. பெண்கள் மறுத்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். மார்க்கெட்டையே இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டமும் பேச்சில் இருந்தது. கட்டடம் பழையது, சுத்தம் போதாது, உண்மைதான். ஆனால் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எந்த வரைபடத்திலும் திருப்பிக் கட்ட முடியாது.

புட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, வாட்டர் பேப்பர் போட்டுக் கழுவி, பிரைமர் அடித்து, கடைசியில் பெயின்ட். பதிவு எண்ணைத் தம்பியின் பெரியவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினான். அணியத்தில் என்ன பெயர் எழுதுவது என்ற பேச்சு வந்தது. நான் அம்மா பெயரைச் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை. பழையபடி அங்காளம்மன் பெயரே இருந்தது.

சாமான் எல்லாவற்றுக்கும் பணம் எண்ணிக் கொடுத்தது தம்பி மனைவி. பெரிய மார்க்கெட்டில் அம்மா உட்கார்ந்த இடத்தில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். பாலிதீன் பையிலிருந்து ஈரமான நோட்டுகளை எடுத்து எண்ணி, பெயின்ட் கடைச் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"இது என்னாங்க, நீலம் ரெண்டு லிட்டர் கூட போட்டிருக்கான்?"

"அடிப்பக்கம் ரெண்டு கோட் அடிச்சேன்."

"ஒரு கோட் போதாதா?"

"போதாது."

அவள் படகைச் சுற்றி ஒருமுறை நடந்து, பின்பலகையில் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாள். பிறகு மீதிப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டு, "நாளைக்கு டிராக்டர்காரனுக்கு நான் மார்க்கெட்லேர்ந்து வந்துதான் குடுப்பேன், அவன்கிட்ட சொல்லிடுங்க" என்று கூடையைக் கழுவப் போனாள்.