பேரு போட்டு எழுதுலே!

சாரல் ஆரம்பிச்சிட்டா போதும், ஊருக்குப் போகணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கும். போன சீசனுக்கும் போயிருந்தேன். பேரருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி கொட்டுது. போலீஸ் குளிக்க விடலை. எல்லாரும் தள்ளி நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும் ஒரு பழைய நோட்டு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். என் வண்டவாளமும் இதுல இருக்கு, பொறுத்துக்கங்க.

1986. தென்காசியில பிளஸ் ஒன். (அப்போ நாங்க திருநெல்வேலி ஜில்லா. தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-லதான்.) வகுப்புல அறுபது பேர். தமிழய்யா பாடம் முடிச்சதும், "யாருக்கு என்ன தோணுது, சொல்லுங்கடே"ம்பார். முதல் பெஞ்சுல நாங்க நாலு பேர் மட்டும் பேசுவோம். மிச்ச அம்பத்தாறு பேரும் எப்படா மணி அடிக்கும்னு உக்காந்திருப்பாங்க.

அய்யாவுக்கு டி.கே.சி. மேல பைத்தியம். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் தென்காசிக்காரர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில அவர் வீட்டுல கூடின கூட்டத்துக்குத்தான் வட்டத்தொட்டின்னு பேரு. ஒரு கம்பன் பாட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பாங்களாம். பிறகு அவர் குற்றாலத்துக்கே குடிவந்துட்டார். ராஜாஜி, கல்கி எல்லாம் அங்க வந்து போனவங்க. 1954-ல காலமானார். பிடிக்காத பாட்டை 'இது கம்பன் பாட்டே இல்லை'ன்னு ஒதுக்கி, புலவர்கள்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு. தூரத்துல இருக்கிற நண்பர்களோட கடிதத்துலயே பேசினார். அந்தக் கடிதங்கள் பின்னால புத்தகமாவும் வந்துச்சு.

இதெல்லாம் சொல்லிட்டு அய்யா, "வாய் வராதவனுக்குக் கை வரும்லா?"ன்னார். மறுநாள் ஒரு லாங் சைஸ் நோட்டோட வந்தார். வாரம் ஒருத்தன் இடது பக்கத்துல எழுதணும். நோட்டு பெஞ்சு பெஞ்சாப் போகும். மத்தவங்க வலது பக்கத்துல ஆளுக்கு ரெண்டு வரி எழுதணும். சும்மா 'நன்று'ன்னு எழுதக்கூடாது. எந்த வரி, ஏன்னு சொல்லணும். கீழ பேரு போடணும்.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, கடைசி பெஞ்சுல இருந்த ஒருத்தன் முறை. அவனுக்குத் திக்குவாய். ஒரு வருஷத்துல பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். அவங்க அப்பா பேரருவிக்குப் பக்கத்துல எண்ணெய் தேச்சுவிடுறவர். அதைத்தான் எழுதியிருந்தான். வெள்ளம் வந்து அருவியை அடைச்சா வந்தவங்க வேடிக்கை பாப்பாங்க, எங்க வீட்டுல அன்னைக்கு அடுப்பு யோசிக்கும்னு ஒரு வரி. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. பொறாமைதான், வேறென்ன? நாலு மாசமா நான் எழுதினதுல அப்படி ஒரு வரி இல்லை.

வலது பக்கத்துல எழுதினேன்: "பக்கம் பூரா எண்ணெய் வாடை." பேரு போடலை.

வகுப்பே சிரிச்சிது. அவன் தலையைக் குனிஞ்சவன் நிமிரலை. அய்யா படிச்சார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? யாருன்னு கேக்கவே இல்லை. அதுக்குக் கீழ சிவப்பு மையில, "பெயர் போட முடியாததை எழுத வேண்டாம்"னு மட்டும் எழுதிட்டு நோட்டை அடுத்த பெஞ்சுக்கு நகர்த்திட்டார்.

அடிச்சிருந்தா மறந்திருப்பேன். அதுக்கப்புறம் யார் பக்கத்துலயும் அவன் ஒரு வரி எழுதலை. அவன் முறை வந்தா நோட்டு அப்படியே தாண்டிப் போகும். மூணு வாரம் பாத்தேன். முடியலை. ஒரு நாள் நோட்டு என்கிட்ட வந்தப்போ அந்தப் பழைய பக்கத்தைத் திருப்பி என் பேரை எழுதிட்டேன். 'தப்பு'ன்னு ஒரு வார்த்தையும் சேர்த்தேன். அறுபது பேரும் படிக்கப்போறாங்கன்னு கை நடுங்கிச்சு.

நோட்டு சுத்தி வந்தப்போ அதுக்குக் கீழ அவன் எழுத்து: "எண்ணெய் வாடைதான். சோப்பு போட்டாலும் போகாது. ஞாயித்துக்கிழமை வந்து பாருலே." கீழ பேரும் போட்டிருந்தான்.

போனேன். அவன் எதுவும் சொல்லிக்கொடுக்கலை போல. அவங்க அப்பா, "சிநேகிதனா? உக்காருய்யா"ன்னு தலையில எண்ணெயை வச்சார். காசு வாங்க மாட்டேன்னுட்டார். அவன் பக்கத்துல நின்னு சிரிச்சான். எனக்குக் கண்ணு எரிஞ்சுது. எண்ணெய்னு சொல்லித் தப்பிச்சேன்.

அந்த நோட்டு இல்லாட்டா அவன் எழுதுவான்னே தெரிஞ்சிருக்காது. அதே நோட்டுலதான் அவன் வாயை அடைக்கவும் பாத்தேன். இப்பவும் எங்கயாவது குத்தலா ரெண்டு வரி எழுதக் கை துறுதுறுங்கும்போது அந்தச் சிவப்பு மை ஞாபகம் வரும். சில சமயம் நிறுத்திக்கிறேன். எல்லா சமயமும்னு சொன்னா பொய்.

உங்க வகுப்புலயும் இப்படி ஏதாவது நோட்டு சுத்துச்சா? சொல்லுங்களேன்.

பி.கு: அந்த நோட்டு இப்போ யார்கிட்ட இருக்குன்னு தெரியலை. இருந்தா அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடாதீங்க மக்கா. என் பேரு இருக்கட்டும் :-)