கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை... வேலையை விடும் மனைவிக்கு அமெரிக்காவில் உதவித்தொகை உண்டா?

அமெரிக்காவில் கணவருக்கு வேறு மாநிலத்தில் நல்ல வேலை கிடைத்தால் வீட்டில் சந்தோஷம்தான். புது வீடு, குழந்தைக்குப் புது ஸ்கூல் என்று பேச்சு நீளும். மனைவி பார்க்கும் வேலை என்னாகும் என்பது மட்டும் அந்தப் பேச்சில் கடைசியாகத்தான் வரும்.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஏழு வருடங்களாக அக்கவுன்ட்ஸ் வேலை பார்த்தவர் அந்தக் கும்பகோணத்துப் பெண். கணவருக்கு டெக்ஸாஸ் மாநிலம் டல்லாஸில் வேலை கிடைத்தது. சம்பளம் அதிகம், வாடகை குறைவு. மகனுக்கும் கோடை விடுமுறை. போவது என்று முடிவானது.

'டல்லாஸில் இருந்தபடியே வேலை பார்க்கலாமா, அங்கே வேறு கிளைக்கு மாற்றல் கிடைக்குமா?' என்று அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினார். 'வாய்ப்பில்லை' என்று பதில் வந்தது. ராஜினாமா கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினார். நம்மில் பலரும் எழுதுவது அதுதானே?

பக்கத்து சீட்டில் இருந்த தோழிதான் தடுத்தார். "உண்மையான காரணத்தை எழுது. நாளைக்கு அன்எம்ப்ளாய்மென்ட் பணம் கேட்கும்போது உதவும்."

"நானாகத்தானே வேலையை விடுகிறேன், எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?" என்றார் இவர்.

பொதுவான விதி அவர் நினைத்ததுதான். அமெரிக்காவில் வேலையில்லாக் கால உதவித்தொகை, தன் தவறு இல்லாமல் வேலையை இழந்தவர்களுக்கானது. தானாக வேலையை விட்டவர்களுக்குக் கிடைக்காது. ஆனால், 'தகுந்த காரணத்துக்காக' விட்டவர்களுக்கு விலக்கு உண்டு. எது தகுந்த காரணம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தில் சொல்லியிருக்கிறது.

கணவன் அல்லது மனைவியுடன், தினமும் வேலைக்குப் போய்வர முடியாத தூரத்துக்குக் குடிபெயர்வதை கலிஃபோர்னியா சட்டம் தகுந்த காரணமாக ஏற்கிறது. வேலையைத் தக்கவைக்க முயற்சி செய்தாரா என்றும் பார்ப்பார்கள். அலுவலகத்துக்கு அனுப்பிய மெயிலும், 'வாய்ப்பில்லை' என்று வந்த பதிலும் இவருக்குக் கைகொடுத்தது அங்கேதான். ராஜினாமா கடிதமும் மாறியது. 'கணவரின் பணி நிமித்தம் டெக்ஸாஸுக்குக் குடிபெயர்வதால்' என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த குழப்பம், எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது? இப்போது குடியிருப்பது டெக்ஸாஸ் என்றாலும், வேலை பார்த்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இவருக்கு அது கலிஃபோர்னியா. அங்கே இ.டி.டி என்ற அரசுத் துறை இதைக் கவனிக்கிறது. சம்பாதித்த தொகையைப் பொறுத்து வாரத்துக்கு 40 முதல் 450 டாலர் வரை, அதிகபட்சம் 26 வாரங்கள் கிடைக்கும். முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் இல்லை. பிறகு, வேலை தேடுகிறேன், கிடைத்தால் சேரத் தயார் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உறுதி சொல்ல வேண்டும்.

விஷயம் கும்பகோணத்துக்குப் போனது. "ஏன்டி, மாப்பிள்ளைதான் கை நிறைய சம்பாதிக்கிறாரே... கவர்மென்ட்டுகிட்ட போய் கை நீட்டணுமா?" என்று போனில் ஆதங்கப்பட்டார் அம்மா.

"கை நீட்டலம்மா. ஆபீஸ்ல ஆள் வெச்சிருக்கறதுக்காக முதலாளி கட்டற வரியிலேர்ந்து வர்ற பணம் இது. நான் ஏழு வருஷம் உழைச்சதாலதான் கிடைக்குது. அவர் சம்பளம் எவ்வளவுன்னு அவங்க கேட்கவே இல்ல" என்றார் மகள். அது உண்மைதான். இந்த உதவித்தொகைக்குக் கணவரின் வருமானம் கணக்கில் வராது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. இவருடைய கல்லூரித் தோழி, டெக்ஸாஸின் ஆஸ்டினில் வேலையை விட்டு, கணவருடன் சியாட்டிலுக்குப் போனவர். அவர் வேலை பார்த்தது டெக்ஸாஸ் என்பதால் அந்த மாநிலச் சட்டம்தான் அவருக்கு. துணையோடு ஊர் மாறுவதற்காக வேலையை விட்டவர்களுக்கு 6 முதல் 25 வாரங்கள் வரை உதவித்தொகையை நிறுத்திவைக்கிறது அந்தச் சட்டம். ராணுவத்தில் இருப்பவரின் துணைக்கு மட்டும் விலக்கு உண்டு. காரணம் ஒன்றே, மாநிலம் வேறு என்பதால் முடிவும் வேறு.

விசாவும் முக்கியம். வேலைக்குச் சேரத் தயார் என்று சொல்ல, வேலை செய்யும் அனுமதி கையில் இருக்க வேண்டும். கும்பகோணத்துப் பெண்ணிடம் கிரீன் கார்டு இருந்ததால் சிக்கல் இல்லை. ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள் இ.ஏ.டி அட்டை செல்லுபடியாகும் தேதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

விண்ணப்பித்த பிறகு, ஏன் வேலையை விட்டீர்கள் என்று போனில் விசாரித்தார்கள். இவர் கணவரின் வேலை உத்தரவு, புது வீட்டின் வாடகை ஒப்பந்தம், அலுவலக மெயில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஒருவேளை மறுத்திருந்தால், அறிவிப்புக் கடிதம் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய கலிஃபோர்னியாவில் வழி உண்டு. மறுப்புக் கடிதத்தோடு ஓய்ந்துபோக வேண்டியதில்லை. இந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரி உண்டு என்பதால், அதற்கும் கொஞ்சம் எடுத்துவைத்தார்.

ஐந்து மாதம் கழித்து டல்லாஸில் அவருக்கு வேலை கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில், மகனின் நீச்சல் வகுப்புக்கும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் யாரையும் கேட்காமல் தன் கணக்கிலிருந்தே பணம் கொடுத்தார். ஊர் மாறுவது குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவு. அதன் செலவை ஒருத்தி மட்டும் சுமக்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சின்னத் தொகை அவருக்குப் புரியவைத்தது.