பின்னறைச் சாளரம்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவர்க்கு நீதிமன்றமும் தண்டமுமே நினைவுக்கு வருகின்றன. நாம் உறங்கும் அறைக்குள் வரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டம் காவல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

என் தம்பி மாடியில்லாத் தொடர் வீடொன்றை வாங்கினான். பின்புற வெற்றிடம் முழுவதையும் அடைத்துச் சமையலறையாக்க வேண்டும் என்பது அவன் ஆசை. தோட்டத்து லயத்தில், ஒடுங்கிய அடுப்படியில் காலங்கழித்த அம்மாவுக்காக எழுந்த ஆசை அது. அதில் குறைகாண எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அக்கட்டு எழுந்தால் பின்னறையின் ஒரே சாளரம் அடைபட்டுப்போகும். அவ்வறையில் படுப்பவரும் அம்மாவே. ஈளை நோயால் இரவெல்லாம் இருமுபவர்.

"இந்த வரிசையில் எல்லாரும் இப்படித்தானே கட்டியிருக்கிறார்கள், வரைபடமும் அனுமதியும் எதற்கு?" என்றார் குத்தகையாளர். அந்த எல்லாருள் அடுத்த வீட்டாரும் ஒருவர். பழைய வீடு ஆழமான அடித்தளத்தின்மேலும் புதுக்கட்டு மேல்மண்ணிலும் நின்றால், இரண்டும் வெவ்வேறு அளவில் அமிழும். அவர்கள் வீட்டுச் சுவரிணைப்பில் விரல் நுழையுமளவு வெடிப்பு ஓடியிருந்தது.

அன்று மாலை தம்பியும் நானும் 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளைப் புரட்டினோம். அவை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ்ப் பிறந்தவை. வசிக்கும் அறைகளுள் முதலாவது 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3க்கும், ஏனையவை 6.5க்கும் குறையலாகாது. படியொன்றின் உயரம் 180 மில்லிமீட்டரை மிஞ்சலாகாது. (முழங்கால் வலியை அறிந்தவர் வகுத்த விதி போலும்!) தம்பியை நிறுத்திய விதி வேறு. அறைத்தரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாளரமும், இருபதில் ஒரு பங்கேனும் தடையின்றிக் காற்றுப் புகும் திறப்பும் வேண்டும் என்பது அது. அவன் அதை இருமுறை படித்தான். பேசவில்லை.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அன்று நம் பெற்றோர்க்கு நல்ல வீடு கிடைக்கச் சட்டத்தின் துணை வேண்டியிருந்தது. இன்றோ, சொந்தப் பணத்தைச் செலவிட்டு நம் சாளரங்களை நாமே அடைக்கிறோம்!

தகுதிபெற்றவர் வரைந்த வரைபடத்துக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி கிடைக்கச் சில திங்கள் ஆயின. செலவும் கூடிற்று. சாளரத்துக்கு எதிரே வானம் தெரியுமாறு வெற்றிடம் விட்டதால், சமையலறை தம்பி எண்ணியதில் பாதியாகச் சுருங்கியது. அவனுக்கு இன்னும் அதில் வருத்தமே. அம்மி வைக்க இடம் போதவில்லை என்று அம்மாவும் குறைப்படுகிறார். ஆயினும், இரவில் அச்சாளரத்தை அவர் சாத்துவதில்லை.