மறந்துபோன மூலக்குறி

வேலையில் இருந்த நாளில் தேர்வுத் தாள்களை ஸ்டென்சிலில் தட்டுவேன். தட்டச்சில் வர்க்கமூலக் குறி கிடையாது. இடம் விட்டுத் தட்டி, பிறகு ஊசிப்பேனாவால் கீற வேண்டும். ஒருமுறை முக்கோணப் படத்தில் மூலம் 3 என்பதை வெறும் 3 ஆக விட்டுவிட்டேன். வாங்கிய திட்டு மறந்துவிட்டது. அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளை மறக்க முடியவில்லை.

போன வாரம் கல்லூரிப் பேரன் புதுச்சத்திரம் வந்திருந்தான். இங்க்ஸ்கேப்பில் முக்கோணம் வரைந்து, பக்கத்தில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே ஏதோ எழுதினான்.

"மூலக்குறி எங்கேடா?"

"இருங்க அப்புச்சி" என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரி தட்டினான். கோடுகள் பிடிஎஃப் ஆகவும், எழுத்துகள் தனிக் கோப்பாகவும் பிரிந்தன. லேடெக் அந்த எழுத்துகளைக் கணித அச்சில் கோத்துப் படத்தின்மேல் அதே இடத்தில் வைத்தது. புத்தகத்தில் வருவது போன்ற மூலக்குறி!

இதற்கு மூலமான டெக்கை, தம் நூலின் அச்சுப்படி பிடிக்காமல் டொனால்ட் நூத் 1977இல் உருவாக்கத் தொடங்கினாராம். இன்றும் இலவசம்.

"படத்தை மாத்தினா?"

"அந்த வரியை மறுபடி தட்டணும். மறந்தா பழசுதான் வரும்."

மறதிக்கு இன்னும் மருந்து வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குறி குறியாகச் சரிபார்த்த பிறகே அச்சிடச் சொன்னேன்.